பெயர்தான் உரக்கிடங்கு

எங்கள் நகராட்சியின் குப்பை மேட்டுக்கு அலுவலகக் கோப்புகளில் இன்றைக்கும் 'உரக்கிடங்கு' என்றுதான் பெயர். வாசலில் இருக்கும் துருப்பிடித்த பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "நாத்தம் அடிக்கிற இடத்துல இடது பக்கம் திரும்புங்க" என்பார்கள். என்னுடைய இரண்டரை ஏக்கர் அந்த நாத்தத்திலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

நான் குடியிருப்பது நகராட்சியில், நிலம் இருப்பது பக்கத்துக் கிராம ஊராட்சியில். இரண்டுக்கும் நடுவே எல்லையில் அந்த மேடு. அதில் கொட்டுகிற குப்பையில் என் வீட்டுக் குப்பையும் உண்டு. பங்குனி, சித்திரையில் அது தீப்பற்றிப் புகையும்போது என் பயிர் மேலும் புகை படிகிறது. குப்பை போடுகிறவனும் நான், அனுபவிக்கிறவனும் நான். இந்த இரட்டை நிலையில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகராட்சியில் மக்கும் குப்பையிலிருந்து தயாரித்த உரத்தை விவசாயிகளுக்கு இலவசமாகத் தருகிறோம் என்று அறிவித்தார்கள். எனக்கு சந்தோஷம். ஊரில் இருந்து சத்து திரும்ப மண்ணுக்கு வருகிறதே என்று இரண்டு டிப்பர் வாங்கி, கத்தரி வைக்கிற முப்பது சென்ட்டில் இறக்கினேன். பார்க்கக் கறுப்பாக, பொலபொலவென்றுதான் இருந்தது. நான் சலித்துப் பார்க்கவில்லை. இலவசமாக வந்ததை யார் சலிப்பார்கள்?

நடவு முடிந்து முதல் களை. எங்கள் நிலத்துக்கு எட்டு வருஷமாக வரும் அக்கா ஒருவர் "ஐயோ" என்று கையை உதறினார். விரலில் ஊசி. வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். தடுப்பூசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஆறு வாரம் கழித்து ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை மறுபடியும் வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அந்த மூன்று மாதம் அந்த அக்கா தன் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டவில்லை. அதை அவர் சொல்லவில்லை, அவர் மகள் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன், மனு எழுதத் தெரியாதா? தேதி, டிப்பர் எண்ணிக்கை, மருத்துவச் சீட்டு நகல் எல்லாம் இணைத்து ஒரு மனு தயார் செய்துகொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வெளியே போயிருந்தார். வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாலைந்து பேர் வருகைப் பதிவுக்காக நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாவிடம் கோபத்தைக் கொட்டினேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. கையை நீட்டிக் காட்டினார்.

"சார், ஊசி எங்க ஆபீஸ்ல செய்யறதில்ல. உங்க மாதிரி வீட்டுலேர்ந்துதான் வருது. உங்க ஆளுக்கு ஒரு தடவை குத்துச்சு. எனக்கு எத்தனை தடவைன்னு நான் எண்ணுறதையே விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து சமையலறையில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தேன். என் மனைவி ஒன்பது வருஷமாக இன்சுலின் போடுகிறாள். ஊசி எங்கே போகிறது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. கறிவேப்பிலைக் காம்பு, வெங்காயச் சருகு, காலி பால் பாக்கெட், நடுவில் ஊசி. எல்லாம் ஒரே கவரில் கட்டி வாசலில் வைத்திருந்தோம். என் வயலில் குத்தியது என் வீட்டு ஊசி என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

மனுவைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கிழிக்கவில்லை, கொடுத்தேன். கலந்த குப்பையில் செய்ததை உரம் என்று சொல்லிக் கொடுத்தது நகராட்சியின் தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனு கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைக்கும் தைரியம் எனக்குப் போய்விட்டது.

நம் இயக்கத்து நண்பர்களிடம் இதைச் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. ஒன்று, "அதான் நாங்க டவுன் குப்பை பக்கமே போறதில்ல. ஆடு மாடு இருக்கு, பசுந்தாள் இருக்கு, அது போதும்." இன்னொன்று, "வரி கட்டுறோம்ல, நகராட்சி பாத்துக்கட்டும்." இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் போதாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். நாம் ஒதுங்கி நின்றால் குப்பை நம்மை விட்டு ஒதுங்குமா? சின்ன ஊர்களில் குப்பை போய்ச் சேரும் இடம் எது? ஊரின் விளிம்பு. அந்த விளிம்பில்தான் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு, நம் வயல். மழை பெய்தால் மேட்டிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீர் ஏரிக்குள் இறங்குகிறது. காற்றடித்தால் பிளாஸ்டிக் கவர் வரப்பில் வந்து ஒட்டுகிறது. மேய்ச்சலுக்குப் போன மாடு அதைத் தின்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. என் வரப்புக்கு அந்தத் தடை இன்னும் வந்து சேரவில்லை. நாம் ரசாயனம் போடாமல் பத்து வருஷம் காப்பாற்றிய மண்ணுக்கு இந்த வழியில் எல்லாம் வந்து சேர்கிறது.

அடுத்தது இன்னும் பெரிய விஷயம். நம் மண்ணில் விளைந்த காயும் அரிசியும் வாழையும் தினமும் ஊருக்குள் போகிறது. திரும்பி என்ன வருகிறது? அந்தக் காலத்தில் சந்தைக்குக் காய் ஏற்றிப் போன வண்டி வெறுமனே திரும்பாது. ஊருக்குள் இருந்த எருக்குழியில் குப்பை ஏற்றிக்கொண்டு வரும். 1920-களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் மக்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்தார். நம் உழவர்கள் செய்ததைப் பார்த்துக் கற்றதும் அதில் உண்டு. அதன் பிறகு பெங்களூரில் சி. என். ஆச்சார்யா ஊர்க் கழிவை வைத்தே உரம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அது 'பெங்களூர் முறை' என்றே பேர் பெற்றது. நகராட்சிகள் உரம் தயாரித்து விவசாயிகளுக்கு விற்றது நம் அப்பா காலத்து நடைமுறை. உரக்கிடங்கு என்ற பெயர் அப்படி வந்ததுதான். அன்றைய குப்பையில் சாம்பல், சருகு, சாணி, காய்கறித் தோல் இருந்தது. இன்றைக்குப் பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது.

இப்போதும் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியதுதான். அதை நாம் வேண்டாம் என்று ஒதுக்கினால், வங்கிக் கணக்கில் தினமும் எடுத்துக்கொண்டே இருந்து ஒரு ரூபாயும் போடாமல் இருப்பதைப் போலத்தான். நல்ல வைப்புத் தொகை இருக்கும்வரை தெரியாது. ஒரு நாள் காசோலை திரும்பி வரும்.

இரண்டாவது பதில், நகராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்பது. பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமைதான். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது நகர உள்ளாட்சிக்கு ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்ட பதினெட்டு வேலைகளில் திடக்கழிவு மேலாண்மையும் ஒன்று. ஆனால் 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நகராட்சிக்கு முன்னால் அதில் கடமை சொல்லியிருந்தது குப்பையை உண்டாக்குகிறவருக்கு. மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த 2016 விதிகளில் இருந்தது. தெருவிலோ வாய்க்காலிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது. எரிக்கக் கூடாது. தோட்டத்துச் சருகைத் தனியாக வைத்துக் கொடுக்க வேண்டும். நான் இந்த எதையும் செய்யாமல்தான் நகராட்சி மேல் மனு எழுதிக்கொண்டு போனேன்.

இந்தச் சருகு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உழவனின் அறிவு ஊருக்குத் தேவைப்படுகிறது.

எங்கள் தெருவில் வேம்பும் புங்கனும் வரிசையாக நிற்கின்றன. மாசி, பங்குனியில் இலை கொட்டும். காலையில் பெருக்கிக் குவித்து ஓரமாகத் தீ வைப்பார்கள். வீட்டுக்காரர்களும் வைப்பார்கள், பணியாளர்களும் வைப்பார்கள். அதே ஊரின் இன்னொரு மூலையில் நகராட்சியின் நுண் உரக் கூடம் இருக்கிறது. அங்கே தொட்டிகளில் ஓட்டல் சாப்பாடு, காய்கறிக் கழிவு எல்லாம் கொட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் வடியும், புழு நெளியும், நாத்தம் தாங்காது. சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்கள் கூடத்தை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள்.

நமக்கு இது புரியாத விஷயமா? ஈரக் கழிவில் தழைச்சத்து அதிகம், கரிச்சத்து குறைவு. தனியாகக் குவித்தால் காற்று போகாது, அழுகும். மக்க வேண்டுமானால் கரியும் தழையும் ஏறத்தாழ 25 அல்லது 30-க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அந்தக் கரி எங்கே இருக்கிறது? காய்ந்த சருகில். அதாவது, ஊரின் ஒரு மூலையில் தேவையானதை எரித்துப் புகையாக்குகிறோம், இன்னொரு மூலையில் அது இல்லாததால் நாற வைக்கிறோம். இரண்டுக்கும் ஊரார் தனித்தனியாக மனு கொடுக்கிறார்கள். இரண்டு மனுவும் இரண்டு மேஜைக்குப் போகிறது. சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

அந்த ஆள் நாமாக இருக்கலாம். இருக்கும் இடமும் சட்டத்தில் உண்டு. கிராமத்தில் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள். நகரத்தில் இதுபோல ஒன்றும் இல்லை என்ற குறை வெகுகாலம் இருந்தது. 2022-இல் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்து, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. எத்தனை பேருக்கு இது தெரியும்? என் தெருவில் கேட்டேன். இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது, அதில் ஒருவர் வார்டு உறுப்பினரின் மைத்துனர்.

நான் முதலில் போனது கிராம சபைக்கு. நிலம் அங்கேதானே இருக்கிறது! குப்பை மேட்டை அகற்ற வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. நான் எழுந்து பேசப் போனபோது ஒரு பெரியவர் சொன்னார்: "நீங்க டவுன் ஓட்டு சார். உங்க குப்பையைப் பத்தி உங்க ஊர்ல பேசிட்டு வாங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சட்டப்படியும் சரி, நியாயப்படியும் சரி. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களுக்கானது அந்தச் சபை.

ஆகவே என் ஊர்ப் பகுதி சபைக்குப் போனேன். வந்திருந்தவர்கள் பதினாலு பேர். தெரு விளக்கு, நாய்த் தொல்லை, சாக்கடை அடைப்பு என்று வரிசையாகப் பேச்சு. நான் சருகை எரிப்பதை நிறுத்த வேண்டும் என்றேன். வார்டு உறுப்பினர் கேட்டார்: "எரிக்கலைன்னா எங்க சார் கொண்டு போறது?" நல்ல கேள்வி. மனுவில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. நேருக்கு நேர் உட்கார்ந்தால்தான் இது வரும். "பாதியை உரக் கூடத்துக்குக் கொடுங்க, மீதியை என் வயலுக்குக் கொண்டு வாங்க. வண்டி வாடகை நான் தர்றேன்" என்றேன். கூட்ட நோட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அது வங்கிப் பழக்கம். நோட்டில் ஏறாதது நடக்காதது.

இப்போது எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீட்டில் இருபத்தாறு வீடு பிரித்துக் கொடுக்கிறார்கள். சருகை வாரம் ஒருமுறை பழைய உரச் சாக்கில் கட்டி வைக்கிறோம். உரக் கூடத்தில் ஒரு அடுக்கு ஈரக் கழிவு, அதற்கு மேல் இரண்டு மடங்கு கனத்துக்குச் சருகு, நடுநடுவே சாணிக் கரைசல் என்று போடுவதை நம் இயக்கத்து நண்பர்கள் இரண்டு பேர் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். குவியலுக்குள் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியது. நாத்தம் பெரும்பாலும் நின்றது. மறியல் செய்தவர்களில் ஒருவர் தன் மாடித் தோட்டத்துக்கு உரம் கேட்டு வந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வீடு இன்னும் பிரிக்கவில்லை. பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கலந்து கொட்டிய நாட்களும் உண்டு, அன்றைக்கு இருபத்தாறு வீட்டுக்காரர்களும் என்னைத்தான் கேட்டார்கள். பணியாளர்கள் மேல் கோபப்பட எனக்கு இனி வாய் வராது. வண்டியில் தனித்தனித் தடுப்பு இல்லையென்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? தடுப்பு போட்ட வண்டி வருவதற்கு மூன்று கூட்டம் ஆயிற்று. அவர்களுக்குக் கனமான கையுறை வேண்டும் என்று நாலாவது கூட்டத்தில் கேட்டோம். ஒரு முறை வந்தது. கிழிந்த பிறகு மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறோம். பழைய மேடு அப்படியே நிற்கிறது. இந்தப் பங்குனியிலும் புகைந்தது.

நம் உழவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஊர்க் கழிவை வேண்டாம் என்று முகம் திருப்பவும் வேண்டாம், இலவசம் என்று கண்ணை மூடி வாங்கவும் வேண்டாம். நிபந்தனை போடுகிற வாடிக்கையாளராகப் போங்கள். வங்கியில் கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் எத்தனை தாள் கேட்போம்! நம் மண்ணுக்குள் வரும் பொருளுக்கு நாலு கேள்வி கேட்கக் கூடாதா?

முதல் கேள்வி, எந்தத் தெருவின் குப்பை, வீட்டிலேயே பிரித்ததா? கிடங்கில் கொட்டிய பிறகு பிரித்ததில் பேட்டரி, டியூப்லைட் கண்ணாடி, பெயிண்ட் டப்பா எல்லாம் ஏற்கெனவே கசிந்திருக்கும். அதை எந்தச் சல்லடையும் பிரிக்காது. இரண்டாவது, ஆய்வக அறிக்கை எங்கே? 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு உரத்துக்கென்று தனி அளவுகோல் இருக்கிறது. ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. அறிக்கை இல்லை என்றால், எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். மூன்றாவது, எத்தனை நாள் மக்கியது, சூடு ஏறியதா? அரைகுறையாக மக்கியது பயிருக்கே கெடுதல். நாலாவது நமக்கே நாம் கேட்டுக்கொள்வது: அங்கக சான்றிதழ் வைத்திருக்கிறோமா? அப்படியென்றால் ஊர்க் கழிவு உரம் இறக்கும் முன் சான்றளிக்கும் அமைப்பிடமும் நம் குழுவிடமும் கேட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை ஒரு ஆள் தனியாகக் கேட்டால் 'வம்புக்காரர்' என்பார்கள். பத்து உழவர்கள் சேர்ந்து, "நீங்க சுத்தமாப் பிரிச்சுக் கொடுத்தா வாரம் இத்தனை வண்டி நாங்க எடுத்துக்கறோம்" என்று எழுதிக் கொடுத்தால் அது வேறு பேச்சு. அப்போது நகராட்சிக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, வீட்டுக்காரர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. தான் பிரித்துக் கொடுக்கும் வாழைப்பழத் தோல் எந்த வயலுக்குப் போகிறது என்று தெரிந்தால் மனுஷன் கொஞ்சம் பார்த்துப் போடுவான். எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேரை வயலுக்கு அழைத்து வந்து காட்டிய பிறகுதான் பத்து வீடு இருபத்தாறு வீடு ஆயிற்று.

குறிப்பாக ஒரு சின்ன வேலை. வீட்டில் ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி இருந்தால் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே 'ஊசி' என்று எழுதி, பணியாளர் கையில் சொல்லித் தனியாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் பழைய ஹார்லிக்ஸ் டப்பா. நிறைய நாலு மாதம் ஆகிறது. இதற்கு எந்தக் கூட்டமும் தீர்மானமும் தேவையில்லை.

அந்த முப்பது சென்ட்டில் அதன் பிறகு நான் காய்கறி வைக்கவில்லை. சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுகிறேன். ஒவ்வொரு உழவிலும் கவர் துண்டும் கண்ணாடிச் சில்லும் மேலே வருகிறது, பொறுக்கி எடுக்கிறேன். இரண்டு டிப்பரை இறக்க அரை நாள் ஆயிற்று. எடுக்க எத்தனை வருஷம் ஆகுமோ.

அந்த அக்கா மற்ற வயல்களுக்கு வழக்கம்போல வருகிறார், அந்தத் துண்டுக்கு மட்டும் வருவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. போன மாதம் உரக் கூடத்திலிருந்து, எங்கள் தெருக் கழிவில் செய்த உரம் முதல் தடவையாக நாலு சாக்கு வந்தது. சலித்து, தார்ப்பாயில் கொட்டி வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "இது அது இல்லையே சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கையை விடவில்லை. நான் விட்டுக் கிளறிக் காட்டினேன். "சரி, அடுத்த தடவை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டார்.

ஆய்வக அறிக்கை வரட்டும், அதுவும் வேண்டும். ஆனால் அந்த அக்கா பயப்படாமல் வெறுங்கையை விட்டு அள்ளுகிற நாளில்தான் அந்தப் பலகையில் எழுதியிருப்பது பொய்யில்லை என்று நான் ஒப்புக்கொள்வேன். அதற்கு உங்கள் ஊரில் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து வையுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.